பழைய பித்தளைப் பம்ப் அடுப்பை மீண்டும் எரியவைத்தல்: முழுமையான வழிகாட்டி

2021இன் இறுதியில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தபோதும், மறு ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றபோதும், திருகோணமலையில் பரணிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் கிடந்த பித்தளைப் பம்ப் அடுப்புகள் பல வீடுகளில் கீழே இறக்கப்பட்டன. அவற்றுள் பல எரியவேயில்லை. சில எரியக்கூடாத இடத்தில் எரிந்தன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்த பின்னர் அவற்றில் ஒரு பகுதி பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மத்திய வீதிப் பக்கத்துக் கடையொன்றில், உடைந்த தையல் மெசின்களுக்கும் படகு இயந்திரத்தின் விசிறிக்கும் இடையில், அடிமுதல் முடிவரை கரியும் களிம்பும் பிடித்துக் கிடந்த அத்தகைய அடுப்பொன்றை நான் வாங்கினேன். இன்று வாடைக்காற்று மழையில் மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் எங்கள் வீட்டுத் தேநீர் அதில்தான் கொதிக்கிறது. அதனை எப்படிச் சீர்செய்தேன் என்பதையும், சீர்செய்யும்போது எங்கே தவறினேன் என்பதையும் இங்கே முறையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பழைய அடுப்பு கைக்கு வந்தவுடன் எவருக்கும் இரண்டு ஆசைகள் எழும். ஒன்று, அதனைத் துலக்கிப் பளபளப்பாக்குவது. மற்றையது, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துப் பார்ப்பது. இரண்டையும் தள்ளிவையுங்கள். பம்ப் அடுப்பு என்பது அழுத்தப்பட்ட காற்றையும் எரிபொருளையும் ஒரே தாங்கிக்குள் வைத்திருக்கும் பொருள். அந்தத் தாங்கி காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியும்வரை நெருப்பை அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

அடுப்பு வேலை செய்யும் விதம்

திரி இல்லாமல், புகைக்கரி இல்லாமல் மண்ணெண்ணெயை எரிக்கும் இவ்வகை அடுப்பை 1892இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கினார். பிரைமஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த பம்ப் அடுப்புகளும் அதே அமைப்பையே பின்பற்றின. பம்ப் தள்ளும் காற்று தாங்கியிலுள்ள மண்ணெண்ணெயை அழுத்த, எண்ணெய் நடுக்குழாய் வழியாக மேலேறி, சூடான பர்னரின் வளைந்த குழாய்களுக்குள் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளையால் பீறிட்டு வெளியே வந்து, காற்றோடு கலந்து நீலச் சுவாலையாக எரிகிறது. எரியத் தொடங்கிய பின் பர்னரைச் சூடாக வைத்திருப்பது அந்தச் சுவாலையே. தொடக்கச் சூட்டை மட்டும் பர்னரின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை (எரிசாராயத்தை) எரித்து நாம் கொடுக்க வேண்டும். பர்னர் இரண்டு வகைப்படும். மேலே ஒரு தகட்டில் சுவாலை மோதி இரைச்சலோடு எரிவது ஒன்று. துளைகளுள்ள மூடிக்குள்ளிருந்து அமைதியாக எரிவது மற்றையது. சீர்செய்வதற்கு இரைச்சல் பர்னரே எளிதானது. அதன் பாகங்கள் குறைவு, வீசும் காற்றையும் ஓரளவு தாங்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கரியும் களிம்பும் ஒரு பொருட்டல்ல. தாங்கியின் உடலே முக்கியம். அடுப்பைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அது உட்புறமாகக் குழிந்திருக்க வேண்டும். வெளியே பிதுங்கியிருந்தால், ஒருகாலத்தில் அளவுக்கு மீறிய அழுத்தம் அதனைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். அத்தகைய அடுப்பை அலமாரியில் அழகுக்கு வைக்கலாமே தவிர எரிக்கக் கூடாது. அடுத்து, மேல்தகடும் அடித்தகடும் சேரும் பொருத்தைச் சுற்றி விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டிக்கொள்ளும் மயிரிழை வெடிப்பு, பசையால் அடைத்த இடம், பித்தளையின் மஞ்சளுக்கு நடுவே செம்பு நிறமாகத் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தச் சிவப்புத் திட்டு, பித்தளையிலிருந்து நாகம் (துத்தநாகம்) கரைந்து போய்ச் செம்பு மட்டும் பஞ்சுபோல் எஞ்சியிருப்பதைக் காட்டுகிறது. கடற்காற்று படும் எங்கள் ஊரில் இது அரிதல்ல.

சிறு நெளிவுகளால் கெடுதி இல்லை. பம்ப் இறுகியிருப்பதும் நிப்பிள் அடைத்திருப்பதும் தீர்க்கக்கூடியவை. மூடி இல்லாத அடுப்பை மட்டும் வாங்க வேண்டாம். அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் திருகு பெரும்பாலும் அந்த மூடியில்தான் இருக்கும், புரிக்குப் பொருந்தும் வேறு மூடி கிடைப்பதோ கடினம்.

கழற்றுதல்

திறந்த முற்றத்தில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். மூடியைத் திறந்து உள்ளே கிடக்கும் பழைய எண்ணெயை ஒரு போத்தலில் வடித்து மணந்து பாருங்கள். பெற்றோல் வாடை வந்தால், தாங்கியைச் சவர்க்கார நீரால் பலமுறை அலசிவிட்டே மேலே செல்ல வேண்டும். மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகை செல்சியசிற்கு மேலேதான் தீப்பற்றும் நிலைக்கு வரும். பெற்றோல் எந்தக் குளிரிலும் தீப்பற்றும்.

பர்னரைக் கழற்றும்போதுதான் பல அடுப்புகள் கெட்டுப்போகின்றன. நடுக்குழாய் தாங்கியின் மேல்தகட்டில் ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டிருக்கிறது. பர்னரை ஒரு ஸ்பானரால் திருகும்போது குழாயின் அடிப்பகுதியை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடிக்காவிட்டால், குழாயோடு மேல்தகடும் கிழிந்து வரும். திருகு அசையாவிட்டால் பொருத்தில் சில துளி எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் மேலே கொதிநீரை ஊற்றி உடனே முயலுங்கள். புளோலாம்பைக் கொண்டு சூடாக்க வேண்டாம். அந்தப் பற்றாசு 190 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கிவிடும், தாங்கிக்குள் ஆவியும் இருக்கக்கூடும்.

நிப்பிளை எடுக்க நீண்ட குழாய்ச் சாவி வேண்டும். பெற்றோமாக்ஸ் திருத்துபவர்களிடம் அது இருக்கும். நான் தேடிப்போன முதியவர் என் அடுப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நிப்பிளை முதலிலே பர்னர் அடுப்பில இருக்கேக்கையே இளக்கிப்போட்டு, பிறகு பர்னரைக் கழட்டும், கையில வைச்சுக்கொண்டு திருகினால் பர்னர் நெளிஞ்சுபோம்" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. ஆனாலும் அப்போதும் நடுக்குழாயை மற்றக் கையால் இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

கழற்றிய பாகங்களை ஒரு வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிவையுங்கள். பர்னருக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த ஈய வோஷரை மறுபடி பயன்படுத்த முடியாது. ஒருமுறை நசுங்கிப் பொருந்திய ஈயம் இரண்டாவது முறை அடைக்காது.

தாங்கியின் உட்புறம்

பித்தளை துருப்பிடிப்பதில்லை. ஆனால் பல ஆண்டுகள் நின்ற மண்ணெண்ணெய் பிசினாக இறுகி, தாங்கியின் சுவரில் தேன்நிறப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் துணுக்குகள்தான் பிற்பாடு நிப்பிளை அடைக்கும். கால் லீற்றர் மண்ணெண்ணெயும் இரண்டு கைப்பிடி பச்சையரிசியும் தாங்கிக்குள் போட்டு மூடி, பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள். அரிசி மணிகள் படலத்தைச் சுரண்டும். மணலைப் போலப் பித்தளையைக் கீறாது. வடித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். மூன்றாம் முறை எண்ணெய் ஓரளவு தெளிவாக வர வேண்டும். அதன்பின் சலவைச் சோடா கரைத்த சுடுநீரால் அலசி, நல்ல நீரால் இருமுறை கழுவி, வெயிலில் காயவிடுங்கள். காஸ்டிக் சோடா கூடாது. அது நாகத்தையும் பற்றாசையும் அரிக்கும். உள்ளே ஓர் அரிசி மணிகூட எஞ்சக் கூடாது. எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க முடியாது என்பதால், மின்சூளின் ஒளியை வாயினூடே செலுத்திப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பம்ப்

பம்ப் தண்டின் முனையில் கிண்ண வடிவிலான தோல் வோஷர் இருக்கும். காய்ந்து சுருங்கிய தோல் காற்றைப் பிடிக்காது. ஆனால் கிழியாதிருந்தால் அதனை எறிய வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவிட்டு மென்மையாக்கி, நிழலில் காயவைத்து, தையல் மெசின் எண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, விரலால் விளிம்பை வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் வேண்டாம்; அது நாளடைவில் சிக்குப்பிடித்துப் பசையாகிவிடும். தோலின் குழிந்த பக்கம் தாங்கியை நோக்கி இருக்க வேண்டும். உள்ளே செலுத்தும்போது விளிம்பு மடியாதபடி, தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே செலுத்துங்கள்.

பம்ப் குழாயின் அடியில், வெளியில் தெரியாத ஆழத்தில், காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு இருக்கிறது. சிறு விரல் நுனியளவு பித்தளைக் கூடு. அதற்குள் மயிரிழை போன்ற ஸ்பிரிங். அதன் தலையில் மிளகளவு ஒரு ரப்பர் அல்லது தக்கைத் துண்டு. முழு அடுப்பின் பாதுகாப்பும் அந்த மிளகளவுத் துண்டில் தங்கியிருக்கிறது என்றால் மிகையல்ல. அது கெட்டிருந்தால் பம்ப் அடித்துக் கையை எடுத்ததும் தண்டு தானாகவே வெளியே எழும்பும். நாள் போகப் பம்ப் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஊறி வெளியே கசியும். இந்த இரண்டு அறிகுறிகளும் இல்லாவிட்டால் வால்வைத் தொடவேண்டாம். இருந்தால், அதன் தலைக்குப் பொருந்தும் நீண்ட சாவியொன்றைக் கடைசல் பட்டறையில் செய்வித்து, பம்ப் குழாயின் அடிப்பக்கத்தில் கொதிநீர் ஊற்றிய பின் கழற்றுங்கள். பலவந்தம் செய்தால் பம்ப் குழாயே பெயர்ந்துவிடும்.

என் தவறு இங்கேதான் நேர்ந்தது. வால்வின் ரப்பருக்கும் மூடியின் வோஷருக்கும் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டேன். முதல் நாள் மிக நன்றாக அடைத்தது. மூன்றாம் நாள் மூடியைச் சுற்றி ஈரம் தெரிந்தது, கவனிக்காமல் பற்றவைத்தேன். மூடியின் ஓரத்தில் கட்டைவிரலளவு மஞ்சள் சுவாலை எழுந்தது. சாக்கை நனைத்துப் போர்த்தி அணைத்தேன், கை மயிர் மட்டும் கருகியது. மறுநாள் கழற்றிப் பார்த்தபோது அந்த ரப்பர் ஊதிப் பெருத்து, அவித்த ஈரப்பலாக்காய்த் துண்டு போலக் குழைந்திருந்தது. சைக்கிள் ரியூப், இறப்பர்ப் பாலில் செய்ததானாலும் பியூட்டைல் ரப்பரானாலும், மண்ணெண்ணெயில் வீங்கிக் கெட்டுப்போகும். நைட்ரைல் எனப்படும் எண்ணெய் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். வாகன உதிரிப்பாகக் கடைகளில் எரிபொருள் குழாய்க்கான ஓ-றிங் என்று கேட்டால் தருவார்கள். வால்வுக்கு நைட்ரைல் ரப்பர்த் தகட்டிலிருந்து ஒரு சிறு வட்டத்தைக் கூரிய குழாயால் குத்தி எடுக்கலாம்.

பர்னர்

நிப்பிளின் துளை ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். அதனை இதற்கென உள்ள மெல்லிய ஊசியால் மட்டுமே குத்த வேண்டும். தையல் ஊசி துளையை அகலமாக்கிவிடும். அகன்ற துளையிலிருந்து வரும் சுவாலை என்ன செய்தாலும் நீலமாகாது. துளை வட்டமாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீள்வட்டமாகத் தெரிந்தால் புது நிப்பிள் போடுங்கள். அது மிகச் சிறிய செலவு.

பர்னரின் குழாய்களுக்குள் படிந்த கரியை ஊசியால் எடுக்க முடியாது. சூட்டினால்தான் எடுக்க வேண்டும். நிப்பிளைக் கழற்றிய வெறும் பர்னரை, தாங்கியிலிருந்து தூரத்தில், சிரட்டைக்கரித் தணலில் வையுங்கள். இதனை மாலை மங்கலில் செய்வது நல்லது. பகல் வெளிச்சத்தில் பித்தளையின் நிறமாற்றம் தெரியாது. முதலில் கரிய உடல் சாம்பல் நிறமாகும். பின் அதன் விளிம்புகளில் பழுத்த நாவற்பழத்தின் உட்சிவப்புப் போன்ற மங்கிய நிறம் ஏறும். அந்த இடத்தில் நிறுத்தி, குறடால் எடுத்து, ஒரு வாளி நீரில் அமிழ்த்துங்கள். சீறலோடு கருந்துகள்கள் குழாய்களிலிருந்து வெளியேறி நீரில் மிதப்பதைக் காணலாம். நான் நான்கு முறை செய்தேன். நான்காம் முறை நீர் கலங்கவில்லை. தணலை ஊதுலையால் ஊத வேண்டாம். செஞ்சிவப்பைத் தாண்டி மஞ்சளுக்குப் போனால் பித்தளை உருகிவிடும். இவ்வாறு சூடேறிய பித்தளை மென்மையாகிவிடுவதால், பிறகு திருகும்போது அளவான இறுக்கமே போதும். எதிர்த்திசையில் நீரைச் செலுத்தி, குழாய்களினூடே வாயால் ஊதி, காற்று தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள்.

காற்றுச் சோதனை

புதிய ஈய வோஷரோடு பர்னரையும், நிப்பிளையும், மூடியையும் பூட்டுங்கள். தாங்கியில் எரிபொருள் ஏதும் இருக்கக் கூடாது. நிப்பிளின் துளையை ஈரமான சவர்க்காரத் துண்டால் அடைத்து, காற்றுத் திருகை இறுக்கி, பதினைந்து முறை பம்ப் அடித்து, தாங்கியை வாளி நீருக்குள் முழுதாக அமிழ்த்துங்கள். அசையாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். முதலில் ஒட்டியிருக்கும் குமிழிகள் எழுந்து போய்விடும். அதற்குப் பின்னும் ஒரே இடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தாற்போல் குமிழி வந்தால் அங்கே கசிவு உண்டு. பர்னரின் அடியில் வந்தால் ஈய வோஷரை இன்னும் சற்று இறுக்கலாம். பொருத்திலிருந்து வந்தால் பற்றாசு வைப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். சூடு காட்டும் முன் தாங்கியை நீரால் நிரப்பும்படி அவரிடம் சொல்லுங்கள். தாங்கியின் தகட்டிலிருந்தே வந்தால் வேலை அதோடு முடிந்தது.

குமிழி வராவிட்டாலும் நான் இன்னொரு சோதனையைச் செய்யாமல் விடுவதில்லை. மாலையில் பம்ப் அடித்து மூலையில் வைத்துவிட்டு, மறுநாட்காலை காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும். உஸ்ஸென்ற ஓசை நிதானமாக வந்தால் தாங்கி இரவு முழுவதும் காற்றைக் காத்திருக்கிறது. மௌனமாக இருந்தால் எங்கோ ஓர் ஓட்டை நம் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

முதல் எரிப்பு

எரிபொருளைப் பற்றி எங்கள் கரையோர மக்களுக்கு ஒரு சொல். படகு இயந்திரத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய மண்ணெண்ணெயை இதில் ஊற்ற வேண்டாம். அவ்வியந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை, எண்ணெயும் கலக்கப்படும். அந்தக் கேனில் சிறிது பெற்றோல் கலந்திருந்தாலும் அது அடுப்புக்கு ஆபத்து. சுத்தமான மண்ணெண்ணெயை மெல்லிய துணியால் வடித்து, தாங்கியின் முக்கால் பங்குக்கு மேற்படாமல் ஊற்றுங்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும்.

முற்றத்தில், காற்றுக்கு மறைவாக, சமதரையில் வையுங்கள். அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரியும் எண்ணெய்மீது நீர் ஊற்றக் கூடாது. காற்றுத் திருகைத் திறந்த நிலையில் கிண்ணத்தை ஸ்பிரிட்டால் நிரப்பிப் பற்றவையுங்கள். ஸ்பிரிட் ஏறத்தாழ முழுவதும் எரிந்து, கடைசி நீலச் சுவாலை கிண்ணத்தில் தவழும்போது, திருகை மூடி இரண்டு மூன்று முறை மட்டும் மெதுவாகப் பம்ப் அடியுங்கள். நீலம் பிடித்தால் மேலும் அடிக்கலாம். மஞ்சளாக உயர்ந்து புகைந்தால் பர்னர் போதிய சூடு பெறவில்லை. உடனே திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டு, முற்றாக ஆறிய பின்னரே மறுபடி ஸ்பிரிட் ஊற்றுங்கள். சூடான கிண்ணத்துக்குப் போத்தலிலிருந்து நேரே ஸ்பிரிட் ஊற்றுவது, கையிலிருக்கும் போத்தலுக்கே தீ வைப்பதாகும்.

நன்றாகச் சீர்செய்த அடுப்பில் சுவாலை தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சமமாக விரிந்து, இடைவிடாத இரைச்சலோடு எரியும். சுவாலை துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் கரி இன்னும் எஞ்சியிருக்கிறது. நிப்பிளின் அடியில் சிறு சுவாலை தெரிந்தால் அதன் புரி கசிகிறது. அணைத்து, ஆறவிட்டு, இறுக்குங்கள். அடுப்பை அணைக்க வேறு வழி தேடாமல் எப்போதும் காற்றுத் திருகையே திறக்க வேண்டும். மழைக்காலத்தில் யன்னல்களை அடைத்துக்கொண்டு அறைக்குள் எரிக்க வேண்டாம். மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டு உயிரைப் பறிக்கக்கூடியது.

துலக்குதலும் வைத்திருத்தலும்

இப்போதுதான் துலக்கும் முறை வருகிறது. புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் எங்கள் வீடுகளில் குத்துவிளக்குக்குப் போதுமானவை என்றால் இதற்கும் போதுமானவை. புளியைப் பூசி ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மணிக்கணக்காக ஊறவிட்டால் அமிலம் நாகத்தைத் தின்று, முன்பு சொன்ன சிவப்புத் திட்டை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். துடைத்து வெயிலில் உலர்த்தியதும், எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவினால் உப்புக்காற்று விரைவில் ஏறாது.

மாட்டுக்கொட்டிலின் ஓரத்திலும், யூரியா மூட்டைக்கு அருகிலும் இதனை வைக்க வேண்டாம். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அண்மையில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே பிளவுபட்டன; குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். தாங்கியின் பொருத்துகளில், தகட்டை வளைத்து உருவாக்கும்போது ஏற்பட்ட இறுக்கம் இன்னும் உறைந்திருப்பதால், இங்கும் அது நேரக்கூடும்.

நீண்டநாள் எரிக்கப் போவதில்லை என்றால் மண்ணெண்ணெயை முழுதாக வடித்துவிட்டு, காற்றுத் திருகைத் தளர்வாக விட்டு வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பம்ப் தண்டை எடுத்து, தோலில் இரண்டு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன்னர் ஓர் இரவுக் காற்றுச் சோதனையையும் செய்துவிடுங்கள்.